டேங்க் உறை

பத்து நிமிடம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். சிக்னலாக இருந்தாலும் சரி, மேம்பாலத்தின் உச்சியாக இருந்தாலும் சரி, அந்த மோட்டார் சைக்கிளுக்கு வெட்கம் மானம் எதுவும் கிடையாது. ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

அந்த வண்டியில்தான் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் சேர்ப்பது மருமகளின் வேலை. வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளின் கோபத்தைச் சொல்லவா வேண்டும்? புகார் மேல் புகார். இன்னும் ஒரு புகார் வந்தால் வேலையை விட்டுப் போக வேண்டியதுதான் என்று லேப் மேனேஜர் நேற்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மெக்கானிக்கும் பாவம், கார்புரேட்டரைக் கழுவினார், பிளக்கை மாற்றினார். ஆனால் அவர் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் வண்டி சமர்த்தாக ஓடியது. "வண்டியில ஒண்ணுமில்லம்மா, நீங்க ஓட்டுறதுலதான் ஏதோ..." என்று இழுத்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று காலை பாதி வழியில் நின்றபோது, பெட்ரோலாவது இருக்கிறதா பார்ப்போம் என்று டேங்க் மேல் மாட்டியிருந்த உறையின் மடிப்பைத் தூக்கி மூடியைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்றை இழுத்தது டேங்க். அடுத்த உதைக்கே வண்டி கிளம்பியது. மெக்கானிக்கைப் போனில் பிடித்தாள்.

"மூடியில சின்னதா ஒரு ஓட்டை இருக்கும்மா. அது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ இறங்கும். மேல எதையாவது போட்டு அடைச்சிருக்கீங்களா?"

"உறை போட்டிருக்கேனே, அண்ணே."

"உறையா? நான் பார்த்ததே இல்லையே!"

எப்படிப் பார்ப்பார்? பட்டறைக்குப் போகும்போதெல்லாம் தெருமுனையிலேயே அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவாளே.

அது மாமியார் தைத்த உறை. பொம்பளைக்கு எதுக்கு மோட்டார் சைக்கிள் என்று மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர், ஒருநாள் தம் தையல் மிஷினில் ரெக்சினும் ஸ்பாஞ்சும் வைத்து, டேங்கோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி இறுக்கமாக அதைத் தைத்து, ஒரு வார்த்தை பேசாமல் வண்டியில் மாட்டிவிட்டுப் போனார். அன்று அவளுக்குச் சம்பளம் வாங்கியதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அதைப் போய் இனி போடமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

சாயங்காலம் உறையும் கையுமாக மிஷின் அருகே நின்றாள். மாமியாரின் முகம் சுருங்கியது.

"பிடிக்கலைன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"ஐயோ, அதில்ல அத்தை..." என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"துணி வண்டியை நிறுத்துமா? யார் காதுல பூ சுத்துற?"

"அப்ப நீங்களே வந்து உக்காந்து பாருங்க."

உயிரே போனாலும் அந்த வண்டியில் ஏறுகிற ஆளில்லை அவர். ஆனால் தையலையல்லவா குற்றம் சொல்லிவிட்டாள்! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

உறையை மறுபடியும் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மார்க்கெட்டைத் தாண்டியதும் வண்டி இருமியது, திணறியது, நின்றது. அவள் உறையை உருவி மூடியைத் திறந்தாள். உஸ்ஸென்ற சத்தம் மாமியாருக்கும் நன்றாகக் கேட்டது. உதைத்ததும் கிளம்பியது.

"இத்தனை தடவை பார்த்த மெக்கானிக்குக் கண்ணு தெரியாதா?"

"பட்டறைக்குப் போறப்ப நானே கழட்டிடுவேன், அத்தை. கிரீஸ் பட்டா போகாதே."

மாமியார் உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வேலையே போயிருக்குமே."

"ஆமா."

"பைத்தியம்," என்றார். "அழுக்கானா இன்னொண்ணு தைச்சுத் தர மாட்டேனாடி?"