துணைத்தலைவர் காரின் பித்தளைப் பலகை

சர்வீஸ் சென்டரின் ஷட்டரைத் தூக்கித் தரையைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்திலேயே துணைத்தலைவரின் புதுக் கார் மறுபடியும் உள்ளே வந்தது. ஹாரன் சத்தம் கேட்டதும் ஃபோர்மேன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். இந்தக் கார் ஒரே புகாரோடு வருவது இது மூன்றாவது முறை.

வணிகர் சங்கத்தின் துணைத்தலைவர் அவர். பதவி என்னவோ சங்கத்தில்தான். ஆனால் கடையில், தெருவில், ஏன், வீட்டில் மனைவிகூட அவரைத் துணைத்தலைவர் என்றுதான் சொல்வார். மனைவி சொல்லும்போது மட்டும் அதில் கொஞ்சம் கேலி இருக்கும். அது அவருக்குப் புரிந்ததில்லை.

மகளுக்கு அடுத்த ஊரில் வேலை கிடைத்ததும், கைக்குழந்தையோடு போய்வர வசதியாக இருக்கட்டும் என்று இந்தக் காரை வாங்கித் தந்திருந்தார். என்ன வேகம் என்று ஒரு தடவை காருக்குச் சொல்லிவிட்டால் போதும், தானாகவே அதே வேகத்தில் ஓடும். முன்னால் போகிற வண்டி மெதுவானால் இதுவும் தானாக மெதுவாகும். அதைக் கவனிக்கிற சென்சார் முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் இருக்கிறது. சரியாக அதற்கு நேர் முன்னால்தான், சங்கத் தலைவர் காரில் இருப்பதைவிட ஒரு சாண் பெரிதாக, தன் பதவி பொறித்த பித்தளைப் பலகையை மாட்டியிருந்தார். அன்றிலிருந்து, 'முன் சென்சார் வேலை செய்யவில்லை' என்று திரையில் அடிக்கடி எச்சரிக்கை வந்தது. வராமல் என்ன செய்யும்?

காரணம் சர்வீஸ் சென்டரில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் பலகையைக் கழற்றுவார்கள், எச்சரிக்கை போய்விடும். பிறகு பலகைக்கு நன்றாகப் பாலிஷ் போட்டு, அதே இடத்தில் மாட்டி, "சரி பண்ணியாச்சு சார்" என்று சாவியை நீட்டிவிடுவார்கள். இப்படியும் ஒரு ரிப்பேரா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் முதல் நாள், "இந்த போர்டு இங்க வேணுமா சார்?" என்று கேட்டுவைத்த, வண்டி கழுவுகிற ஆளுக்கு மறுநாள் வேலை இல்லை. துணைத்தலைவர் முதலாளியிடம் போனில் ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். அதற்கப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்?

"ஏம்ப்பா, ஓட்டை வண்டியை என் தலையில கட்டிட்டீங்களா?" என்று கத்திக்கொண்டே துணைத்தலைவர் இறங்கினார். "இன்னிக்குப் புது சென்சார் மாட்டியே ஆகணும்!"

"மாட்டிடலாம் சார்," என்றார் ஃபோர்மேன். நல்ல சென்சாரைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல சென்சாரை மாட்ட அவர் தயாராகத்தான் இருந்தார்.

பின்னாலேயே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மகள் இறங்கினாள். "கொஞ்சம் சீக்கிரம் பாருங்க, நான் இப்பவே கிளம்பணும். நேத்து முன்னாடி போன லாரிக்காரர் திடீர்னு பிரேக் போட்டாரு. இந்த வண்டி வேகம் குறையவே இல்ல. நல்ல வேளை, நானே மிதிச்சிட்டேன். இவன் பின்னாடி தூங்கிட்டிருந்தான்."

குழந்தை ஃபோர்மேனைப் பார்த்துச் சிரித்தது. அவர் திரும்பி, கிரில்லில் மின்னிய பலகையைப் பார்த்தார். 'சரி பண்ணியாச்சு' என்று சொல்லி இந்த வண்டியை அனுப்பிவைத்தவர் அவர்தானே!

"சார், சென்சார் நல்லாத்தான் இருக்கு. இந்த போர்டுதான் மறைக்குது. கழட்டணும்."

அங்கே வேலை செய்துகொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன.

"யார் போர்டுன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரியும் சார். வேணும்னா முதலாளிக்கு போன் பண்ணுங்க. ஆனா போர்டோட இந்த வண்டியை நான் வெளியே விட மாட்டேன்."

துணைத்தலைவர் போனை எடுத்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்க யாருன்னு ரோட்ல போறவங்களுக்கெல்லாம் தெரியணும்னு இதை மாட்டினீங்க. முன்னாடி யாரு போறாங்கன்னு வண்டிக்கே தெரியாமப் போச்சு. நேத்து நாங்க ரெண்டு பேரும்..." அவள் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

துணைத்தலைவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே தெரியும் சார். இங்க எல்லாருக்குமே தெரியும்."

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

"சொன்னவனுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தோமே சார். பயந்துட்டோம். பச்சைக் குழந்தை போற வண்டின்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டிருந்தது எங்க தப்புதான்."

துணைத்தலைவர் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். இதே பணிவைக் கடையிலும் சங்கத்திலும் தினமும் பார்த்து உள்ளுக்குள் பூரித்துப்போனவர்தான். இன்று அது அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, சலவைச் சட்டை அழுக்காவதைப் பொருட்படுத்தாமல் ஈரத்தரையில் மண்டியிட்டு, பலகையைத் தன் கையாலேயே கழற்றினார். பிறகு முதலாளிக்கு போன் போட்டு, வேலையை இழந்தவரை உடனே திரும்பக் கூப்பிடச் சொன்னார். தப்பு தன்னுடையது என்றும் சொன்னார்.

ஃபோர்மேன் வண்டியை மெயின் ரோடுவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முன்னால் போன வண்டிகளுக்குத் தகுந்தபடி அது ஒழுங்காக வேகம் குறைத்தது. மகள் குழந்தையோடு தைரியமாகக் கிளம்பிப் போனாள்.

"அடுத்த தடவை வண்டி வரும்போது போர்டைப் பின்பக்கக் கண்ணாடியில வேணும்னா மாட்டித் தரட்டுமா சார்?" என்று ஃபோர்மேன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேண்டாம்ப்பா," என்றார் அவர். "நாலு பேரு நமக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டா அதான் மரியாதைன்னு நினைச்சிட்டிருந்தேன். உண்மையைச் சொல்ல ஒருத்தரும் இல்லாமப் பண்ணிக்கிட்டா, அடி நம்ம பிள்ளைங்க மேலதான்யா விழும்."