பிரேக் அமுக்க ஒரு ஆள்

“இந்த வண்டி நின்னா பெட்டியை எப்படி லா உள்ள கொண்டு போறது?” என்று ரெங்கசாமி கேட்டதும், போர்ச்சில் நின்ற பத்துப் பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சாவு வீட்டில் யோசனைக்கா பஞ்சம்! தூக்கி ஓரமாக வைக்கலாம் என்றார் ஒருவர். கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். முன்பக்க இடது சக்கரம் இல்லாமல் ஸ்டாண்டின் மேல் ஏறி நிற்கும் கஞ்சில் காரை எப்படி இழுப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

கிள்ளானில் அந்தத் தாமான் குடியிருப்பு வீடுகளின் போர்ச் ஒரு கார் அகலம்தான். கார் நின்றால் ஆள் நெளிந்து போகலாம், பெட்டி போகாது. நேற்றுக் காலை அந்தக் காரின் முன் சக்கரத்தைச் சுழற்றும் எக்சல் தண்டை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் பாலன் அதன் பக்கத்திலேயே சாய்ந்து போனார். திடீர்ச் சாவு என்பதால் போலீஸ், பிரேதப் பரிசோதனை என்று எல்லாம் முடிந்து, இன்றைக்கு இரண்டு மணிக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். இப்போது மணி ஒன்றே முக்கால்.

பாலனின் மனைவி லோகேஸ்வரி வாசற்படியில் உட்கார்ந்து காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அடுத்த வீட்டுப் பவுனம்மாள், வருகிறவர் ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னார்.

“இவ பாவம், சமையல்கட்டுல இருந்திருக்கா. ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாம தனியா கெடந்து போயிருக்காரு மனுஷன்.”

சமையல்கட்டு என்று சொன்னது லோகேஸ்வரிதான். போலீஸ்காரர் கேட்டபோது வாயில் வந்தது அது. நேற்று மத்தியானமே ஜொகூரிலிருந்து ஓடிவந்த மகன் பிரவினிடமும் அதையே சொன்னாள். அவன் அவளைக் கட்டிக்கொண்டு, “உனக்கு எப்படிம்மா தெரியும், நீ என்ன செய்வ” என்று விம்மி அழுதான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இனிமேல் தெரிந்தால் அவன் தன் முகத்தில் விழிப்பானா? இருப்பது அந்த ஒரே பிள்ளை.

ரெங்கசாமி பூச்சோங்கில் கார் பட்டறை வைத்திருக்கிறான். பாலனுக்குத் தம்பி மாதிரி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி, சக்கரம் இருந்த இடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தான்.

“அண்ணே எல்லாத்தையும் முடிச்சுட்டாரு. எக்சல் உள்ள போயாச்சு. நடு நட்டை மட்டும் நல்லா இறுக்கிட்டு டயரைப் போட வேண்டியதுதான். பத்து நிமிஷம்.” தரையில் கிடந்த நீளக் கம்பியைக் கையில் எடுத்தவன் கொஞ்சம் யோசித்தான். “பிரவின், அப்பா ஒத்த ஆளாவா செஞ்சாரு?”

“ஆமா அங்கிள்.”

“முடியாதே. இந்த நட்டைத் திருகுனா வீல் மாட்டுற தட்டும் கூடவே சுத்தும். உள்ள ஒரு ஆளு உக்காந்து பிரேக்கை அமுக்கிப் பிடிச்சாத்தான் உண்டு. சரி, எப்படியோ சமாளிச்சிருப்பாரு. நீ ஏறி அமுக்கு.”

லோகேஸ்வரியின் வலது கால் தானாக விறைத்தது. நேற்றிலிருந்தே அப்படித்தான். படுத்தாலும், பாத்ரூமில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாலும் பாதத்துக்கு அடியில் அந்த பெடல் இருந்தது.

எல்லாம் அந்த எக்சலால் வந்த வினை. நாலு மாதமாக வண்டி திரும்பும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். போன ஞாயிறு காப்பாரில் தங்கை மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது நட்டநடு ரோட்டில் ‘படார்’ என்றது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக, லோரிப் புகையில் ஒன்றரை மணி நேரம் நின்றாள். அவர் என்னடாவென்றால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “எக்சல் போச்சு லா” என்று சிரிக்கிறார். சிரிப்பு எங்கிருந்துதான் வருமோ அந்த மனுஷனுக்கு! அன்றைக்கு மூடிய வாயை அவள் ஆறு நாள் திறக்கவில்லை. சோறு போடுவாள், தட்டை நகர்த்துவாள், அதோடு சரி.

பிரவின் கார் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. “ச்சே” என்று சீட்டைப் பின்னால் தள்ளக் குனிந்தவன், குனிந்தபடியே நின்றுவிட்டான். அப்பா அவனைவிட உயரம். அந்த வண்டியை வேறு யாரும் ஓட்டுவதில்லை. சீட்டைப் பார்த்தான், கீழே பெடலைப் பார்த்தான், பிறகு மெதுவாகத் திரும்பி வாசற்படியைப் பார்த்தான்.

லோகேஸ்வரி எழுந்து நடந்தாள்.

“எந்திரிப்பா. நான் அமுக்குறேன்.”

“உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?”

“எனக்குத் தெரியும்டா.”

உட்கார்ந்தாள். சீட்டை நகர்த்த வேண்டியிருக்கவில்லை. ரெங்கசாமி அந்தப் பக்கம் குந்தியதும் பானெட் அவனை மறைத்துவிட்டது. நேற்றும் இப்படித்தான். “அமுக்குங்க அண்ணி” என்ற குரல் மட்டும் வந்தது. அமுக்கினாள். கார் ஒரு தடவை ஆடியது.

“நான் சமையல்கட்டுல இல்லடா” என்றாள், மகனைப் பார்க்காமல்.

பிரவின் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இங்கதான் இருந்தேன். ‘பிரேக் அமுக்க ஒரு ஆளு வேணும்’னு என்னைப் பாக்காம ஃபிரிட்ஜைப் பாத்துச் சொன்னாரு. வந்து உக்காந்தேன். ‘நான் விடுன்னு சொல்ற வரைக்கும் விடாதே’ன்னாரு. எனக்குத்தான் கோவமாச்சே, சரின்னுகூடச் சொல்லல.”

கார் மறுபடி ஆடியது.

“உன் சித்தி, மக கல்யாணப் படமெல்லாம் போன்ல அனுப்பியிருந்தா. அமுக்கிக்கிட்டே அதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். மூணு தடவை வண்டி நல்லா ஆடிச்சு. நாலாவது மெதுவா ஆடிச்சு. இழுக்குறாருன்னு நெனச்சேன். அவரு விழுந்திருக்காருடா. வண்டி மேல சாஞ்சு விழுந்திருக்காரு.”

“எவ்வளவு நேரம்மா?”

“நாப்பத்தி மூணு படம். ஒண்ணொண்ணா பெருசாக்கிப் பாத்தேன், யாரு என்ன சேலை கட்டியிருக்கான்னு. நான் பேசலைன்னு அவரும் வீம்புக்குப் பேசாம இருக்காரு, இருக்கட்டும்னு நெனச்சேன். கடைசில நான்தான் வாயைத் தொறந்தேன். ‘இன்னும் எவ்வளவு நேரம்’னு கேட்டேன். ஆறு நாளைக்கு அப்புறம் அதுதான் நான் அவருகிட்ட பேசுனது.”

அவள் அழவில்லை. அழுவதற்கு வெட்கமாக இருந்தது. தள்ளி நின்ற பவுனம்மாள் யாருக்கோ மறுபடியும் ஆரம்பித்திருந்தார், “தனியா கெடந்து...” என்று. தனியாகவா? மூன்றடி தூரத்தில் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாளே!

பிரவின் கதவிலிருந்து கையை எடுத்தான். கத்துவான் என்று நினைத்தாள். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் காருக்கு முன்னால் போய், வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிவந்த அன்றும் இப்படித்தான் முதுகைக் காட்டி நின்றான்.

“போதும் அண்ணி!” என்றான் ரெங்கசாமி. டயரை மாட்டினான், ஸ்டாண்டை உருவினான், கார் நாலு காலில் இறங்கியது. அந்த நேரம் பார்த்து ரோட்டில் வேன் வந்து நின்றது. “வந்துட்டாரு” என்று யாரோ சொல்ல, பெண்கள் குரலெடுத்து அழுதார்கள்.

“தள்ளுங்க, தள்ளுங்க! வேன் உள்ள வரணும்.” ரெங்கசாமி ஜன்னல் வழியாகக் கையை விட்டு கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இறக்கினான். நாலு பேர் பானெட்டில் கைவைத்துத் தள்ளினார்கள். பிரவின் நடுவில். கார் அசையவில்லை.

“என்ன லா இது, புடிச்சுக்கிச்சா?”

கார் ஒன்றும் பிடிக்கவில்லை. அவள் கால்தான் பெடலை விட்டு வரமாட்டேன் என்றது. எடுக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரிகிறது. பாதம் எழவில்லை.

பிரவின் தலை நிமிர்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம், கண் இரண்டும் சிவந்து. அவளையே பார்த்தான்.

“விடும்மா” என்றான்.

விட்டாள். கார் பின்னால் உருண்டது. “நேராப் புடிங்க அண்ணி” என்று ரெங்கசாமி கூவினான். அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். கார் போகப் போக, பானெட் மறைத்திருந்த தரை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அங்கே பிரித்து விரித்த ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது, அவர் உட்கார்ந்து வேலை செய்ய விரித்துக்கொண்டது. பெட்டி வருகிற வழி என்று பவுனம்மாள் ஓடிப்போய் அதை எடுத்தார். எங்கே போடுவதென்று தெரியாமல், கையில் வைத்துக்கொண்டு நின்றார்.