தொடக் கூடாத மூடி

எங்கள் ஆய்வக மாணவி யுன்-சோல் ஆய்வேட்டை ஒப்படைக்க ஒன்பது நாள்தான் பாக்கி. கடைசி அட்டவணை மட்டும் வழிக்கு வரவில்லை. தண்ணீரில் கரைத்த ஒரு பொடி, ஊதா விளக்கின் ஒளி பட்டால் எவ்வளவு வேகமாக உடைகிறது என்று ஏழு மாதமாக அளக்கிறாள். திங்கட்கிழமை ஒரு எண் வரும், வியாழக்கிழமை வேறொன்று. கொரியாவின் டேஜான் நகரில் மழை வேறு விட்டபாடில்லை. அவளைப் பார்த்தாலே எனக்கு அலுப்பாக இருந்தது. அளக்கும் எந்திரத்துக்குப் பொறுப்பு நான்.

"அண்ணே, இன்னிக்கு ஊதா விளக்கையே போடல. அப்பவும் உடையுது."

"புட்டியில வெளிச்சம் பட்டிருக்கும்."

"வெள்ளித்தாள் மூணு சுத்து சுத்திருக்கேன். என்னையும் சேத்துச் சுத்திக்கலாம் போல இருக்கு."

புட்டியில் இருந்தது அப்படியே இருந்தது. எந்திரத்துக்குள் வைத்தது மட்டும் குறைந்துகொண்டே போனது. அளப்பதற்கு எந்திரம் தானே ஒரு விளக்கை அடிக்கும். அளக்காத நேரத்தில் அதை மறைக்க ஒரு சிறு மூடி உண்டு. குனிந்து பார்த்தேன். மூடி திறந்தபடி நாடாவால் ஒட்டப்பட்டிருந்தது. நாடாவின் மேல் வெளிறிப்போன எழுத்து: தொடாதே.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. எந்திரத்துக்குள் வைத்துக் கரைசலின் சூடு நிலைக்கட்டும் என்று அவள் பொறுமையாகக் காத்திருந்த நாளிலெல்லாம் அதிகம் உடைந்திருக்கிறது. மூத்தவர் ஒட்டியதைத் தொடுவதும் ஏன் என்று கேட்பதும் எங்கள் ஆய்வகத்தில் வழக்கமில்லை.

"எவன்ணே இதை ஒட்டினது? கையில கெடைச்சான்னா கிம்ச்சி ஊறப்போடுற பானையில போட்டு மூடிருவேன்."

நான்கு வருடத்துக்கு முன் அந்த மூடி அடிக்கடி சிக்கிக்கொண்டது. பழுது பார்க்க ஆள் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அப்போது நான் அளந்த திரவத்தை ஒளி ஒன்றும் செய்யாது. ஒட்டிவிட்டு மறந்துபோனேன். வந்த ஆளும் நாடாவைப் பார்த்துவிட்டுத் தொடாமல் போயிருப்பான்.

சொல்லாமலே இருந்திருக்கலாம். எழுத்து யாருடையது என்று தெரியாத அளவுக்கு வெளிறியிருந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"நான்தாம்மா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தாள்.

"ஒம்பது நாள்ல எத்தனை தடவை அளக்க முடியும்?"

"நானும் கூட நின்னா இருபது."

"அப்ப நாடாவைப் பிச்செடுங்க."

கத்தரியை அவள் பக்கம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நான் எப்படிண்ணே தொடுவேன்? பெரியவங்க ஒட்டினதாச்சே."