ஐன் ருமான்: நெரிசல்

காலை ஆறே முக்காலுக்கு ரமல்லா ஸ்டாண்டில் வேனை நிறுத்தி, எஞ்சினை அணைப்பதற்கு முன்பே இரண்டு பேர் வாயை அடைத்துவிட்டேன். போனில் நான் நடத்துகிற குழுவில் ஒருத்தன், "ஐன் ருமான் கேட் மூடியாச்சு, அவனுங்க கை விளங்காமப் போக" என்று எழுதியிருந்தான். அழித்தேன். அதற்குக் கீழே ஒரு புண்ணியவதி, "யா அல்லாஹ், எங்களுக்குன்னு யாரு இருக்கா" என்று கேட்டிருந்தாள். அதையும் அழித்தேன். என் குழுவில், சிப்பாய்கள் சோதனை போடுகிற கேட்டுகளைப் பற்றி மூன்றே சொற்கள்தான். திறந்திருக்கு, நெரிசல், மூடியாச்சு. கேட்டின் பெயரைப் போடு, மூன்றில் ஒன்றைப் போடு, போய்க்கொண்டே இரு. சாபம் கூடாது, பிரார்த்தனை கூடாது, படம் கூடாது, ஏன் மூடினான் என்று கேட்கவும் கூடாது. மூடினவனுக்கே தெரியாத காரணத்தை நீ தெரிந்துகொண்டு என்ன கிழிக்கப்போகிறாய்?

குழுவில் தொண்ணூறாயிரம் பேர். பரீட்சைக்குப் போகிற பெண்கள், பால் வண்டிக்காரர்கள், கல்யாண ஊர்வலம் கொண்டுபோகிறவர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள் என்று எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பையே மாட்டுவார்கள். இந்தப் பக்கத்தில் எந்தச் சாலை எந்த நேரத்தில் சாலையாக இருக்கும் என்பதை வேறு எங்கே போய்த் தெரிந்துகொள்வது? ரமல்லாவுக்கும் நாப்லஸுக்கும் நடுவில் பத்தொன்பது வருஷமாக வேன் ஓட்டுகிறேன். அதில் பாதியைக் கேட்டுகளின் முன்னால் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தே கழித்திருப்பேன்.

இதற்கு முன் இரண்டு குழுக்களை இந்த ஆப்பை நடத்துகிற கம்பெனிக்காரன் முழுங்கிவிட்டான். எவனோ செத்துப்போன தன் மாமனுக்கு இரங்கல் எழுதினான் என்று முதல் குழு போயிற்று. கேட்டில் நின்ற சிப்பாயின் முதுகு தெரிகிற மாதிரி ஒருத்தன் படம் போட்டான் என்று இரண்டாவதும் போயிற்று. குன்றின் மேலே எங்கள் நிலத்தைப் பிடித்து வீடு கட்டியிருக்கிற குடியேற்றத்துக்காரர்கள் சிலருக்கும் ஒரு குழு இருக்கிறது. அதில் எங்கள் ஊர் ஒன்றின் பெயரைச் சொல்லி, "கொளுத்துங்கடா" என்று எழுதியிருந்தார்கள். புகார் கொடுத்தேன். பரிசீலித்தோம், எங்கள் விதிகளை மீறவில்லை என்று நாலே நிமிஷத்தில் பதில் வந்தது. அது நாலு வருஷமாக அங்கேயே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வந்த கடிதமோ, "எங்கள் சமூகத்தின் தரநிலைகளை நீங்கள் மீறிவிட்டீர்கள்" என்று ஆரம்பித்தது. என்ன சமூகம்? நான் அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேனா, அவன் என் வீட்டில் வந்து காபி குடித்தானா? மேல்முறையீடு என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறான். அமுக்கினால் நன்றி சொல்லும். பத்துத் தடவை அமுக்கினேன், பத்துத் தடவையும் நன்றி சொல்லிற்று.

அன்றைக்குத்தான் தீர்மானித்தேன். மூன்றாவது குழுவை அவன் தொடக்கூடாது. அவன் அழிப்பதற்கு முன்னால் நானே அழித்துவிட வேண்டும். அவனுடைய மெஷினைவிட நான் வேகமாக இருக்க வேண்டும். இருந்தேன். மூன்று வருஷமாகக் குழுவின் மேல் ஒரு தூசி விழவில்லை.

என்னோடு குழுவைப் பார்த்துக்கொள்கிற இன்னொருத்தி ஜுமானா. நாப்லஸில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள், அதனால் எல்லோருக்கும் டாக்டரம்மா. அன்று காலையில் போன் செய்தாள்.

"அபூ சுஹைல், ஒரு பொம்பளை அழுதாக்கூடத் தூக்கிடுறீங்களே, மனுஷன்தானா நீங்க?"

"அழறதுக்கு வேற இடம் இருக்கு டாக்டரம்மா. இது ரோடு."

"ஊர்ல உங்களைப் பத்தி என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? மத்த கேட்டாவது சாயங்காலம் திறந்துருமாம். அபூ சுஹைல் கேட் மட்டும் திறக்கவே திறக்காதாம்."

சிரித்தேன். உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அன்று செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு மேல் இது நடந்தது. வேனில் ஆறு பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஏழாவது ஆள் வராமல் எந்த வேனும் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பாது, அதுதான் எங்கள் வழக்கம். பின்சீட்டில் இருந்தவர், ஒருத்தருக்காக ஆறு பேரை வேகவைக்கிறாயே என்று கத்திக்கொண்டிருந்தார். போன் துடித்தது. முஃதஸிம் என்று ஒருத்தன், ஐன் ருமான் கிராமத்துக்காரன். எழுதியிருந்தது இதுதான்: "ஐன் ருமான் கேட்ல எங்க அண்ணனைச் சுட்டுட்டானுங்க. இழுத்துட்டு வந்து ஊருக்குள்ள பள்ளிவாசல் பக்கத்துல படுக்க வெச்சிருக்கோம், ரத்தம் நிக்கல. கேட்டை மூடிட்டானுங்க. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சாம், குவாரி வழியா வரச் சொல்லுங்க. யாராவது சொல்லுங்க."

அழித்தேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

முழுதாகப் படிக்கவில்லை என்று அப்புறம் ரெண்டு மூணு பேரிடம் சொன்னேன். பொய். படித்தேன். குவாரி என்ற சொல்வரை படித்தேன். "சுட்டுட்டானுங்க" என்பதைப் பார்த்த உடனே கை தானாகப் போய்விட்டது, அது உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் நான் உட்கார்ந்து யோசித்தேன், அதுதான் கேவலம். மூடியாச்சு என்று போட்டால், ஏன் மூடினான் என்று நூறு பேர் கேட்பான். எவனாவது ஒருத்தன் காரணத்தைச் சொல்வான், அதன் கீழே இருநூறு பேர் வந்து ஒப்பாரி வைப்பான், சாயங்காலத்துக்குள் கம்பெனிக்காரன் கடிதம் போட்டுவிடுவான். நெரிசல் என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆம்புலன்ஸுக்கு அவர்கள்தான் போன் பண்ணியிருக்கிறார்களே, நமக்கென்ன? "ஐன் ருமான்: நெரிசல்" என்று போட்டேன். முஃதஸிம் அதையே மறுபடியும் அனுப்பினான். அழித்துவிட்டு, இருபத்து நாலு மணி நேரம் அவன் எதுவும் எழுத முடியாதபடி தடுத்து வைத்தேன். மணி இரண்டு இருபது. ஏழாவது ஆள் ஓடிவந்து ஏறினான். கிளம்பினோம்.

ஐன் ருமான் திருப்பத்துக்கு முன்னாலேயே வண்டிகள் நின்றிருந்தன. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் சரிவு, ஒதுங்க இடம் கிடையாது. இறங்கி முன்னால் நடந்து போனேன். நாற்பது வண்டி தாண்டியிருப்பேன், நடுவில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. மேலே விளக்கு சுற்றுகிறது, சைரனை அணைத்துவிட்டிருந்தான். ஓட்டுநர் ஸுஹ்தி எனக்குப் பழக்கம்தான். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே போட்டுக்கொண்டு, முன்னால் நின்ற சிமெண்டு லாரியைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினான்.

"நெரிசல்னு போட்டிருக்கே, அபூ சுஹைல்! நெரிசல்னா பத்து நிமிஷத்துல நகரும்னு உள்ள நுழைஞ்சேன். கேட்டே மூடிக் கிடக்கு. மூடியாச்சுன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா நான் குவாரி வழியாப் போயிருப்பேன்ல?"

"குண்டடி பட்டவன் ஊருக்குள்ள இருக்கான். பள்ளிவாசல் பக்கத்துல" என்றேன்.

"உனக்கெப்படித் தெரியும்?"

நான் பின்னால் நின்ற கார்க்காரனைப் பார்த்து, வண்டியைப் பின்னால் எடு என்று கத்தினேன். ஸுஹ்தி இரண்டாவது தடவை கேட்கவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். பின்னால் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஆம்புலன்ஸைப் பின்னாலேயே எடுத்துவந்து திருப்புவதற்கு நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்தும் அரை மணி நேரம் ஆயிற்று. கை காட்டினேன், கத்தினேன், ஒரு காரின் கண்ணாடியை உடைத்தேன். பெரிய வீரன் மாதிரி முன்னால் ஓடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் ஜன்மத்தில் என்னை நானே அவ்வளவு அருவருப்பாக நினைத்ததில்லை. ஸுஹ்தி குவாரிச் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு போனான். அவன் போய்ச் சேர்ந்தபோது முஃதஸிமின் அண்ணன் ரஷ்வானை ஒரு பழைய கதவுப் பலகையின் மேல் கிடத்தி, முகத்தை மூடியிருந்தார்களாம்.

ரஷ்வானுக்கு முப்பத்தோரு வயது. டைல்ஸ் ஒட்டுகிற வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வந்தவன், கேட்டில் நில் என்றதும் நின்றிருக்கிறான். கையில் தரை மட்டம் பார்க்கிற ரசமட்டம் இருந்திருக்கிறது. அலுமினியத்தில், ஒரு முழ நீளத்துக்கு. அதைக் கீழே வைக்கக் குனிந்தானாம்.

சாயங்காலம் வீட்டில் செய்திகளைப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரனுடைய பெரிய பத்திரிகையில், "சோதனைச் சாவடி அருகே நிகழ்ந்த சம்பவத்தைத் தொடர்ந்து பாலஸ்தீனர் ஒருவர் உயிரிழந்தார்" என்று இருந்தது. உயிரிழந்தாராம்! எங்கே இழந்தார், பாக்கெட்டிலிருந்து விழுந்துவிட்டதா? சிப்பாய்களுடைய நாட்டுச் சேனல் ஒன்றில், கையில் பொருளோடு வந்த சந்தேக நபர் செயலிழக்கச் செய்யப்பட்டார் என்றார்கள். மோட்டாரா அவன், செயலிழக்கச் செய்ய? நம்முடைய ரேடியோக்காரன் மட்டும் என்ன, அவன் பெயரைக்கூடச் சரியாக விசாரிக்காமல் பாட்டுப் போட ஆரம்பித்துவிட்டான். ஜுமானாவைக் கூப்பிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். நாக்கில் நரம்பில்லாத பயல்கள், ஒரு துப்பாக்கி, ஒரு விரல், அதைச் சொல்ல ஒரு வாய் கிடையாதா என்று கத்தினேன். அவள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டீங்களா?"

"இல்ல, இன்னும் ஒண்ணு இருக்கு, இதைக் கேளு..."

"நாம என்ன எழுதினோம், அபூ சுஹைல்?"

படித்துக்கொண்டிருந்த பக்கத்தை மூடினேன்.

"அவங்க உயிரிழந்தார்னாவது எழுதினாங்க. நாம நெரிசல்னு எழுதினோம்" என்றாள். வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பிரிக்கும்போதே போச்சு என்று நினைத்தேன். வாழ்த்துகள் என்று ஆரம்பித்தது. மூன்று வருஷமாக ஒரு விதிமீறலும் இல்லாமல் நடத்தியதற்காக என் குழுவை முன்மாதிரிச் சமூகமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். குழுவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு நட்சத்திரம் மினுக்கிக்கொண்டிருந்தது. த்தூ என்று போனிலேயே துப்பினேன், அப்புறம் சட்டையால் துடைத்தேன்.

அன்று சாயங்காலம் துக்கம் கேட்கப் போகாமல் இருந்திருக்கலாம். ஜுமானாகூட இன்றைக்குப் போகாதீர்கள் என்று செய்தி அனுப்பினாள். போனேன். ஐன் ருமான் ஊர்க்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரமாகப் போட்டு எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் வரிசையாக நின்றிருந்த வீட்டு ஆண்களின் கையைப் பிடித்து, அல்லாஹ் உங்கள் கூலியைப் பெரிதாக்கட்டும் என்ற துக்க வார்த்தையை ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் நின்றவன் என் கையை விடவில்லை. இருபத்தைந்து வயதிருக்கும், கண் வீங்கியிருந்தது. என்னைக் கூட்டிப்போய்த் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தான். சர்க்கரை போடாத காபியை அவனே ஊற்றிக் கொடுத்தான்.

"நான்தான் முஃதஸிம்" என்றான்.

தெரியும் என்று தலையாட்டினேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு தடவை அனுப்பினேன் மாமா. மூணாவது தடவை அனுப்பும்போது, உங்களுக்கு அனுமதி இல்லைன்னு வந்துச்சு. போன்தான் கெட்டுப்போச்சோன்னு ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். அப்பவும் வரல. அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, என்னடா பதில் வந்துச்சான்னு கேட்டுட்டே இருந்தான். வருது வருதுன்னேன்."

குழு போய்விடுமென்று பயந்தேன், தொண்ணூறாயிரம் பேர் வழி தெரியாமல் நிற்பார்கள், நாளைக்கு இன்னொரு ஆம்புலன்ஸ் இதே மாதிரி நிற்கும், என்றெல்லாம் சொன்னேன். சொன்னது அத்தனையும் உண்மைதான். அவனும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டான்.

"இருபத்து நாலு மணி நேரம்னு போட்டிருந்துச்சு. முடிஞ்சு போச்சுல்ல? இப்ப நான் எழுதலாம்ல?"

நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே போனை எடுத்து எழுத ஆரம்பித்தான். அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக. அனுப்பினான்.

என் பாக்கெட்டில் முதலில் துடித்தது. அப்புறம் எதிர்ச்சுவரில் ஒருவருடையது, அவருக்குப் பக்கத்தில், வாசலில், காபி கொண்டுவந்தவன் இடுப்பில் என்று கூடம் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக மணி அடித்தது. எடுத்துப் பார்த்தேன். "ஐன் ருமான் கேட். நேத்து ரெண்டு மணிக்கு இங்க எங்க அண்ணன் ரஷ்வானைச் சுட்டுக் கொன்னாங்க. அவன் கையில இருந்தது ரசமட்டம். கேட் இப்ப திறந்திருக்கு."

மேலே பச்சை நட்சத்திரம். கீழே, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, அழிக்கவா என்ற கேள்வி. ஒருத்தரும் தன் போனைத் திருப்பி உள்ளே வைக்கவில்லை. வாசலோரமாக உட்கார்ந்திருந்த ஸுஹ்தி, திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனைத் தொடர்ந்து எண்பது முகங்களும் நிமிர்ந்தன.

முஃதஸிம் என் இடது கையிலிருந்த காபிக் கோப்பையை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"குடுங்க மாமா, நான் பிடிச்சுக்கறேன். உங்களுக்கு வேலை இருக்கும்" என்றான்.