முன்னால் நின்றவரின் இடம்

எங்கள் படகிலிருந்து எட்டுப் பயணிகள் கடலில் இறங்கினால் ஒன்பது பேர் ஏறி வருவார்கள். அதனால் ஏணிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு துவாலை கூடுதலாக வைத்திருப்போம்.

நான் படகின் சமையல்காரன். பெயர் மாசானம். அந்தமானில் ஒரு சின்னத் தீவிலிருந்து புறப்பட்டு, பவளப்பாறைகள் இருக்கும் இடங்களில் நின்று நின்று, ஆறாம் நாள் திரும்பி வரும் படகு. என்னோடு கேப்டன் ஜெபமணியும் பெனடிக்டாவும் இருந்தார்கள். பெனடிக்டா தூத்துக்குடிக்காரி. பயணிகளைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போய் மீன்களைக் காட்டிவிட்டு மேலே கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை.

கூடுதலாக வருபவர்களிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. அது மரியாதையாக இருக்காது. அவர்களும் மற்றவர்களைப் போல ரப்பர் உடையும் முதுகில் சிலிண்டருமாக ஏறி வந்து, முகக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, டீ இருக்கிறதா என்று கேட்பார்கள். அதன்பின் கடலில் இறங்க மாட்டார்கள். நிழல் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். கரை வந்ததும் ஆட்டோ பிடித்து அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஒரு நாளைக்கு மூன்று இறக்கம், கரை திரும்பும் ஆறாம் நாள் மட்டும் ஒன்று. ஆகவே நாளுக்கு மூன்று பேர். பதினொரு பேருக்கென்று ஏற்றிய அரிசியை ஆறாம் நாள் இருபத்தேழு பேருக்குப் பொங்க வேண்டியிருக்கும். முதலாளிக்குப் போன் செய்தால், "பாத்துப் பண்ணுப்பா" என்பார். நான் பார்த்துப் பண்ணிக்கொண்டிருந்தேன். சாம்பாரில் தண்ணீர் சேர்ப்பேன், பிறகு சாம்பார் ரசமாகும், பிறகு ரசத்திலும் தண்ணீர் சேர்ப்பேன். ஒன்பது வருடங்களாகக் காலை ஐந்து மணிக்கு அடுப்பின் முன் நின்றால் உட்காருவதற்கு ஒரு காரணம் கிடைத்ததில்லை. கால்கள் வலிப்பதையும் நிறுத்திவிட்டன.

சென்ற பயணத்தின் நான்காம் நாள் காலை ஏறி வந்தவர் ஒரு பெண்மணி. அறுபது வயது இருக்கும். நீந்துவதற்கு மாட்டும் கால்துடுப்பு இடது காலில் மட்டும் இருந்தது. துவாலையை வாங்கித் தலையைத் துவட்டினார். டீ கேட்கவில்லை. நேராகச் சமையல்கட்டுக்கு வந்து, என் கையிலிருந்த கத்தியை வாங்கி, வெங்காயம் நறுக்க ஆரம்பித்தார்.

"எம்பேரு பாக்கியத்தாய்," என்றார். "அடுத்து எப்ப இறங்குவாங்க தம்பி? நான் கீழ போகணும். தப்பா ஏறிட்டேன்."

அப்படி யாரும் இதுவரை சொன்னதில்லை. எல்லோரும் கரைக்குப் போகத்தான் வருகிறார்கள் என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

"என்னக்கா ஆச்சு?" என்றேன்.

"கீழ, மேல ஏறுற வரிசையில நின்னுட்டு இருந்தேன். எனக்கு முன்னால நின்னவரு, கொஞ்சம் பாத்துக்கிடுங்கம்மா, கை கழுவிட்டு வந்துடறேன்னு போனாரு. அவர் முறை வந்துட்டு. இங்கேருந்து உங்க படகுப் பொண்ணு கைய நீட்டுச்சு. பின்னால நின்னவங்க, போங்க போங்கன்னு தள்ளிவிட்டுட்டாங்க."

"அவர் இடம்?"

"ஒத்தக் கால்துடுப்பக் கழட்டி வச்சுட்டு வந்திருக்கேன். ரெண்டு நாள் இடம் பிடிக்கும். அதுக்கு மேல வச்சா ஓரமா எடுத்துப் போட்டுருவாங்க."

ரேஷன் கடையில் பையோ கல்லோ வைத்தாலும் அதே கதைதான். எனக்கு அது புரிந்தது.

"அவரு உங்களுக்கு யாருக்கா?"

அவர் வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தாமல் யோசித்தார். "யாருன்னு சொல்ல? பதினோரு வருசமா அவரு முதுகப் பாத்துட்டு நின்னிருக்கேன்."

அன்று மதியச் சமையல் பத்தரைக்கே முடிந்துவிட்டது. அவர் புளி கரைத்தார், மீன் கழுவினார், அடுப்பைத் துடைத்தார். எதையும் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. பதினோரு மணிக்கு நான் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. சன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. அந்தச் சன்னலில் கடல் தெரியும் என்பதே நான் அறியாதது.

"சாயந்திரம் இறங்குவாங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. நீரோட்டம் ஜாஸ்தி. நாளைக்குத்தான் பாக்கணும்," என்றேன்.

அது பொய். நீரோட்டம் சாதுவாக இருந்தது. நான் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்க விரும்பினேன், அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு மேல்தளத்தில் பயணிகள் உடை மாட்டும் சத்தம் கேட்டபோது மிக்சியில் தேங்காயைப் போட்டு ஓட விட்டேன். அவர்கள் குதித்து முடியும்வரை அரைத்தேன். தேங்காய் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. பாக்கியத்தாய் அக்கா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்டக் கதவருகே வந்து நின்று, "டீ இருக்கா?" என்றார்.

அக்கா அவருடைய ஈரத் தலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீரோட்டம் நின்னுட்டு போல," என்று சொல்லி அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மறுபடி கொத்தமல்லியைக் கையில் எடுத்தார். நான் வாளியிலிருந்து எழுந்து நின்றேன்.

மறுநாள் காலை நானே பெனடிக்டாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிலிண்டர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே எப்போதும் முகக்கண்ணாடியின் தடம் இருக்கும். தூங்கி எழுந்தாலும் அது மறையாது.

"கூட்டிட்டுப் போறேன் அண்ணே. ஆனா விட்டுட்டு வர்றது என்னால ஆகுமான்னு தெரியல," என்றாள்.

எட்டுப் பயணிகளோடு அக்காவும் இறங்கினார். கிளம்பும்போது கத்தியைக் கழுவி அதன் இடத்தில் மாட்டிவிட்டுப் போனார். முக்கால் மணி நேரத்தில் பத்துப் பேர் ஏறி வந்தார்கள். பத்தாவது ஆள் புதிதாக வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஒன்பதாவது ஆள் பாக்கியத்தாய் அக்கா.

பெனடிக்டா ஏணியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "வேணும்னு செய்யல அண்ணே. மேல வரும்போது பழக்கத்துல கைய நீட்டிட்டேன்."

"நீட்டின கையப் பிடிக்காம எப்படி இருக்கிறது?" என்றார் அக்கா. அவர் முகம் வெளுத்திருந்தது. "கால்துடுப்பு அப்படியே இருக்கு. தூரத்துல இருந்து பாத்தேன். அவரு இன்னும் வரல."

மூவரும் கேப்டனிடம் போனோம். ஜெபமணி பேச்சைக் குறைத்து முப்பது வருடம் ஆனவர். சுக்கானைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டார்.

"ஆளா இறங்கினா ஆளா ஏறித்தான் ஆகணும்," என்றார். "சாமான் விழுந்தா திரும்பி வருதா?"

வருவதில்லை. இந்தப் படகிலிருந்து நான் தவறவிட்ட கரண்டிகள், ஒரு இட்லித் தட்டு, அரிவாள்மணை எதுவும் திரும்பி வந்ததில்லை. ஒவ்வொன்றையும் கேப்டன் தம் நோட்டில் 'தவறி விழுந்தவை' என்ற பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

"அப்ப சாமானா விழட்டும்," என்றார் கேப்டன். நோட்டை எடுத்தார். "இரும்புச் சட்டின்னு போடுறேன்."

"மூடியோடயா?" என்று அக்கா கேட்டார்.

"மூடி இல்லாம."

"சரி."

"ஆனா தவறி விழுறத யாரும் பாக்கக் கூடாது," என்றார் கேப்டன். இதைச் சொல்லும்போது அவர் பெனடிக்டாவைப் பார்த்தார்.

அங்கேதான் சிக்கல். தண்ணீரில் ஒரு மனித உடம்பு விழுவதைப் பார்த்தால் பெனடிக்டா குதித்துவிடுவாள். அவள் படகில் இருக்கும் நேரமெல்லாம் கடலைப் பார்த்தபடிதான் உட்காருவாள், கடலைப் பார்த்தபடிதான் சாப்பிடுவாள். கடலுக்கு முதுகு காட்டி அவளை நான் கண்டதில்லை. அவளோடு இறங்கிய ஒருவர்கூட இதுவரை கீழே தங்கியதில்லை. அவளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

 அவள் அக்காவிடம், "ஒருவேள அவரு வராமலே போயிட்டாருன்னா?" என்றாள்.

"பாத்துக்கிடுறேன்னு சொல்லிட்டேனே தாயி."

"உங்களுக்கு மறுபடி எப்ப முறை வரும்?"

"ஏறி இறங்கினவங்க கடைசியிலதான் போய் நிக்கணும். அவர்கிட்ட இடத்தக் குடுத்துட்டு நடந்து போவேன். கடைசி எங்க இருக்குன்னு தெரியல. பக்கத்துத் தீவத் தாண்டிப் போகுதுன்னு சொல்லிக்கிடுறாங்க."

பெனடிக்டா தலையசைத்தாள்.

ஆறாம் நாள் காலை ஏழு மணிக்குப் படகு நின்றது. அங்கேதான் கடைசி இறக்கம். பயணிகள் முன்பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதற்கு முன்பே வந்து எல்லோருக்கும் உப்புமா கிண்டி முடித்திருந்தார். நான் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். கீழே நனைந்துவிடும் என்று சொல்லி அங்கேயே நின்றபடி பாதியைச் சாப்பிட்டார். மீதியை என்னிடம் கொடுத்தார்.

"உங்கிட்ட கோவமெல்லாம் இல்ல தம்பி," என்றார். "உக்காந்தா யாருக்குத்தான் எந்திரிக்க மனசு வரும்?"

 அவருடைய ஒற்றைக் கால்துடுப்பின் வாரை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

அவர் படகின் பின்விளிம்பில் போய் நின்றார். கேப்டன் சுக்கானைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். பெனடிக்டா கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, உயிர்காப்பு உடை அணியும் முறை பற்றிச் சுவரில் ஒட்டியிருந்த தாளின் முன் நின்றாள். அதை வாய்விட்டுப் படித்தாள். முதலில் இரு கைகளையும் நுழைக்கவும். பிறகு வாரை இறுக்கவும்.  மூன்றாவது வரிக்கு வரும்போது பின்னால் தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்டது.

அவள் படிப்பதை நிறுத்தினாள்.

"அண்ணே, என்ன விழுந்துச்சு?"

"சட்டி," என்றேன்.

"சரி," என்றாள். நான்காவது வரியைப் படித்தாள். ஐந்தாவதையும் படித்தாள். தாள் முடிந்தபின்னும் திரும்பாமல் நின்றாள். கேப்டன் நோட்டை மூடும் சத்தம் கேட்டபிறகுதான் போய் ரப்பர் உடையை மாட்டினாள்.

எட்டரை மணிக்கு எட்டுப் பேர் இறங்கினார்கள். ஒன்பது பேர் ஏறி வந்தார்கள்.

ஒன்பதாவது ஆள் உயரமானவர். கழுத்தில் சுருக்கங்கள். அகன்ற, சற்றுக் கூன் விழுந்த முதுகு. துவாலையைக் கொடுத்தபோது இரண்டு கைகளையும் நன்றாகத் துடைத்துக்கொண்டார். டீயைக் கையில் வாங்கியும் குடிக்காமல் நின்றார்.

"எனக்குப் பின்னால ஒரு அம்மா நின்னாங்க," என்றார். "கை கழுவற இடத்துல ஒரே கூட்டம். நான் திரும்பி வந்தப்ப, வாங்க வாங்க, உங்க முறைதான்னு முன்னால தள்ளிவிட்டாங்க. யாருன்னு பாக்குறதுக்குள்ள மேல வந்துட்டேன். அவங்களும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டுப் போயிட்டாங்க," என்றேன்.

அவர் என் வாளியின் மேல் உட்கார்ந்தார். நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

"பதினோரு வருசம் நின்னோம். வரிசையில திரும்பிப் பாத்தா இடம் போயிரும்னு நான் திரும்பவே இல்ல. அவங்க முகம் எனக்குத் தெரியாது. எப்படி இருப்பாங்க?"

நான் யோசித்தேன். இரண்டு நாள் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். ஆனால் முகத்தைச் சொல்ல எனக்கு வரவில்லை.

"வெங்காயத்த ரொம்பப் பொடியா நறுக்குவாங்க," என்றேன்.

அவர் அதை மனத்தில் வைத்துக்கொள்பவர் போலத் தலையாட்டினார். அப்புறம் டீயைக் குடித்தார். கதவுக்கு வெளியே பெனடிக்டா மேல்தளத்தில் மல்லாந்து படுத்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. யாரும் அவளை எழுப்பவில்லை.

மதியத்துக்குள் கரை சேர்ந்துவிட வேண்டும் என்று கேப்டன் எஞ்சினை முடுக்கினார். பதினொரு மணி அளவில், வழக்கமாக இன்னும் ஒரு மணி நேரப் பயணம் இருக்கும் இடத்தில், எங்கள் தீவு எதிரே வந்துகொண்டிருந்தது. படகுத்துறையில் காத்திருந்த ஆட்டோக்காரர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தென்னைகள் எல்லாம் பின்பக்கம் சாய்ந்திருந்தன. தீவு மெதுவாகத்தான் வந்தது. கேப்டன் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்கி, ஒரு முறை சங்கு ஊதினார். தீவும் ஒரு முறை ஊதிவிட்டுத் தன் வலப்பக்கம் ஒதுங்கியது. அது முழுவதுமாகக் கடந்து போகும்வரை காத்திருந்து, படகைத் திருப்பி, வரிசையில் நிற்பவர்களைப் போல அதன் முதுகைப் பார்த்தபடி பின்னாலேயே போனோம்.