அல்கொர்நோக்கே விருது

செல்வரத்தினத்துக்கு ஸ்பானிய மொழியில் ஒரே ஒரு சொல்தான் தெரியும். அதை அவருக்குக் கொடுத்தவன் மனோலோ.

1986இல் செல்வரத்தினம் லண்டன் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் சூப்பர்வைசராக இருந்தார். மனோலோ அங்கே பாத்திரம் கழுவுகிறவன், ஸ்பெயினின் தெற்கிலிருந்து வந்தவன். தட்டுகளைத் தள்ளுவண்டியில் எப்படி அடுக்க வேண்டும் என்று செல்வரத்தினம் ஒருநாள் அவனுக்கு முக்கால் மணி நேரம் விளக்கினார். விளக்கம் போதவில்லை என்று பட்டதால் தானே அடுக்கிக் காட்டினார். வண்டி இரண்டடி நகர்ந்தது. அறுபது தட்டுகளும் தரையில் விழுந்து நொறுங்கின.

“அல்கொர்நோக்கே!” என்றான் மனோலோ, வாய் தவறி.

“என்ன சொன்னாய்?”

மனோலோவுக்கு அந்த வேலை தேவையாக இருந்தது. “அது ஒரு மரம். எங்கள் நாட்டு ஓக் மரம். பெரியது, பலமானது,” என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லிக் கைகளை அகல விரித்துக் காட்டினான்.

செல்வரத்தினம் எதையும் சரிபார்க்காமல் நம்புகிறவர் அல்ல. நூலகத்துக்குப் போய் ஒரு கையடக்க அகராதியைப் புரட்டினார். ‘தக்கை ஓக் மரம்’ என்று போட்டிருந்தது. அகராதி சின்னது, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

லண்டனின் புறநகரான மோர்டனில் அவர் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தார். தெருவிலிருந்த வெள்ளைக்காரர் வீடுகளுக்கெல்லாம் ‘ஓக் லொட்ஜ்’, ‘தி ஓக்ஸ்’ என்று பெயர்கள் இருந்தன. செல்வரத்தினம் அவர்களை ஒரே அடியில் தாண்டினார். அவருடைய வாசற்கதவில் ‘அல்கொர்நோக்கே’ என்று ஒரு பித்தளைப் பலகை ஏறியது.

வட்டாரத் தமிழர் மன்றத்துக்கு அவர்தான் தலைவர். பலகையைப் பற்றி யாரோ கேட்கப்போக, அவர் ஒரு மாதம் யோசித்துவிட்டு, அது ஸ்பானியச் சொல்லே அல்ல, தமிழ்ச் சொல் என்று கண்டுபிடித்தார். ‘அல்’ என்றால் இருள். ‘கொர்’ என்பது ‘கூர்’. ‘நோக்கே’ என்றால் நோக்குதான், அதில் விளக்க என்ன இருக்கிறது? இருளிலும் கூர்ந்து நோக்குபவன். இதைப் பற்றி மன்றத்தில், வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், இரண்டு மணி நேரம் பேசினார். நாற்பது பேர் கேட்டார்கள், பதினொரு பேர் விழித்திருந்து கேட்டார்கள்.

1990இல் ‘அல்கொர்நோக்கே விருது’ பிறந்தது. ஆண்டுதோறும் சமூகத்துக்குத் தொண்டு செய்த ஒருவருக்கு மரக் கேடயம். முதல் கேடயத்தை வாங்கியவர் டாக்டர் கல்யாணசுந்தரம், தஞ்சாவூர்க்காரர். “ஆமா, எனக்கு நிறைய விருது வந்திருக்கு. இப்படி ஒரு கம்பீரமான பேரு எதுக்கும் இல்ல,” என்று மேடையில் நெகிழ்ந்து சொன்னார். தன் கிளினிக்கில் நோயாளிகள் கண்ணில் படும்படி அதை மாட்டியும் வைத்தார். அடுத்த மூன்று வருடங்களில் ஒரு வக்கீல், ஒரு கோயில் தர்மகர்த்தா, ஒரு பாட்டு ஆசிரியை ஆகியோரும் அந்தக் கௌரவத்தைப் பெற்றார்கள்.

1994 மார்ச்சில் செல்வரத்தினத்தின் மகள் லலிதாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு நடந்தது. லலிதா அங்கே ஸ்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆசிரியை மாட்ரிட்காரி. படிவத்தில் இருந்த முகவரியைப் பார்த்ததும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இந்தப் பெயரை யார் வைத்தது?”

“நான்தான். எங்கள் மொழிக்கும் உங்கள் மொழிக்கும்...” என்று செல்வரத்தினம் தொடங்கினார்.

ஆசிரியை மெல்லக் குறுக்கிட்டாள். ஓக் மரத்துக்கு ஸ்பானிய மொழியில் பல சொற்கள் உண்டு என்றாள். சாதாரண ஓக் ‘ரோப்ளே’. திடகாத்திரமான ஆளை ‘ரோப்ளே மாதிரி இருக்கிறான்’ என்பார்கள். இலை உதிர்க்காத இன்னொரு வகை ‘என்சீனா’. தக்கை தருவது ‘அல்கொர்நோக்கே’. “ஆனால் ஒரு மனிதரைப் பார்த்து அப்படிச் சொன்னால்...” என்று இழுத்துவிட்டு லலிதாவைப் பார்த்தாள்.

“மரமண்டை, அப்பா,” என்றாள் லலிதா.

ஸ்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு இருக்கிறது என்று எட்டு வருடமாக அவர் சொல்லிவந்தது இந்த ஓர் இடத்தில் மெய்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவருடைய மனைவி சிவனேஸ்வரி ஓர் ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை செய்தாள். அவள் கதவருகே வந்து நின்று பார்த்தாள்.

“கடைசியா ஆர் சொன்னது?”

அவர் கை நின்றது. “உமக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“எப்ப தொடக்கம்?”

“எண்பத்தேழு. என்னோட வேலை செய்யிற ஸ்பெயின் மனுசி வீட்டுக்கு வந்தவளெல்லோ. உந்தப் பலகையைப் பாத்துட்டு படியில இருந்து சிரிச்சவள். எழும்ப ஏலாமப் போச்சு அவளுக்கு.”

“பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்ல வந்தனான். ‘உமக்கு உது விளங்காது’ எண்டு போட்டு, எனக்கு ‘நோக்கு’க்கு அர்த்தம் சொன்னனீங்கள். ஒரு மணித்தியாலம். நானும் சரியெண்டு விட்டுட்டன்.”

செல்வரத்தினம் கடைசித் திருகாணியையும் கழற்றினார். பலகையை உள்ளே கொண்டுபோய் அலுமாரிக்குப் பின்னால் தள்ளினார். கேட்டவர்களிடம் மினுக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். மனைவியும் மகளும் வாய் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

அவர் அப்போதே விருதின் பெயரை மாற்றியிருக்கலாம். ஆனால் அந்த வருட விருதுக்குக் கமிட்டியில் மறுபடியும் அடிபட்ட பெயர் யோகராஜா. ஸ்ட்ரெதமில் மளிகைக்கடை வைத்திருக்கும் யோகராஜா, ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று தலைவரிடம் கேள்வி கேட்பவர். அவருக்கு விருது போகக் கூடாது என்று செல்வரத்தினம் இரண்டு வருடமாகத் தடுத்து வந்தார். இப்போது தடுக்கவில்லை. “இவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை,” என்று தானே முன்மொழிந்தார். கேடயத்தைக் கையில் கொடுத்தபோது செல்வரத்தினத்தின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்துப் பலர் கண் கலங்கினார்கள். தலைவருக்கு எவ்வளவு பெரிய மனது!

யோகராஜா கேடயத்தைக் கடையில் அரிசி மூட்டைகளுக்கு மேலே மாட்டினார். ஆறு மாதம் கழித்துக் கொத்தமல்லி வாங்க வந்த ஒரு ஸ்பெயின் மாணவன் அதில் ஆங்கில எழுத்தில் இருந்த பெயரைப் படித்தான், சிரித்தான், விளக்கினான். யோகராஜாவும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் யோசித்தார். செல்வரத்தினத்தின் மகள் படிப்பது ஸ்பானிஷ். வாசற்பலகை காணாமல் போனது போன வருடம் மார்ச்சில். கேடயம் தன் கைக்கு வந்தது அதற்குப் பிறகு, ஒக்டோபரில்.

அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. 1995 ஆண்டு விழாவில், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், மைக்கைப் பிடித்தார்.

“இந்த விருதைத் தொடங்கின மனுசனுக்கே நாங்கள் இன்னும் குடுக்கேல்லை. இது எங்களுக்கு வெட்கமில்லையோ? இந்தச் சொல்லின்ர முழுப் பொருளும் தெரிஞ்சவர் அவர். அந்தப் பேருக்கு அவரைப்போல ஆள் இல்லை. தலைவர் மேடைக்கு வரவேணும்.”

மண்டபம் கை தட்டியது. முன்வரிசையில் டாக்டரும் வக்கீலும் தர்மகர்த்தாவும் பாட்டு ஆசிரியையும் எழுந்து நின்றே தட்டினார்கள். எல்லோருக்கும் முன்னதாகத் தட்டத் தொடங்கியவள் சிவனேஸ்வரி.

செல்வரத்தினம் யோகராஜாவின் முகத்தைப் பார்த்தார். அதில் எல்லாம் எழுதியிருந்தது. மறுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால், தெரிந்திருந்தும் போன வருடம் ஏன் கொடுத்தாய் என்று கேட்பார்கள். அவர் மேடை ஏறினார். கேடயத்தை நீட்டிய யோகராஜா காதருகில் குனிந்து, “வாழ்த்துகள், அண்ணை. இருட்டிலயும் கூர்ந்து பாக்கிறியள்,” என்றார்.

செல்வரத்தினம் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

“நன்றி,” என்றார். இறங்கிப் போய் உட்கார்ந்தார்.

மன்றத்தின் வரலாற்றில் அன்றுதான் முதல் முறையாக எல்லோரும் சூடான சோறு சாப்பிட்டார்கள்.