மூன்றில் இரண்டு பி.ஏ.

தளிப் பக்கத்து ஆட்கள் கன்னடத்தில் கோபித்துக்கொள்வார்கள், தெலுங்கில் பேரம் பேசுவார்கள், பத்திரம் எழுத வேண்டுமென்றால் மட்டும் தமிழுக்கு வருவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்த நாராயணப்பன் சேலத்துக் கல்லூரியில் பி.ஏ. படித்து, இங்கிலீஷில் தேறி, சரித்திரத்தில் இரண்டாம் வகுப்பும் வாங்கி, தமிழில் கோட்டை விட்டான் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதை ஒரு வருஷம் வெளியே விடாமல் வைத்திருந்தானே, அதுதான் ஆச்சரியம். ஒரு பசு சினையானால்கூட மறுநாள் சந்தைக்குத் தெரிந்துவிடும் ஊர் அது.

பட்டம் என்பது ஊர்க்காரர்கள் நினைத்தபடி ஒரே பரீட்சை இல்லை. பள்ளிக்கூடம் முடித்தபின் இன்டர்மீடியட் இரண்டு வருஷம், அதற்குமேல் பி.ஏ. இரண்டு வருஷம். அந்த பி.ஏ.யும் மூன்று பார்ட். முதல் பார்ட் இங்கிலீஷ், இரண்டாவது பாஷை, மூன்றாவது அவரவர் எடுத்த பாடம். தேறின பார்ட் தேறினதுதான், அதை மறுபடி எழுத வேண்டாம். தவறினதை மட்டும் செப்டம்பரிலோ அடுத்த மார்ச்சிலோ எழுதிக்கொள்ளலாம். வகுப்புகூட பார்ட்டுக்கு பார்ட் தனித்தனியாகத்தான் போடுவார்கள். ஆனால் மூன்றும் சேர்ந்தால்தான் பட்டம். அதுவரைக்கும் ஆள் வெறும் இன்டர்மீடியட்.

இந்த விவரமெல்லாம் அவன் அப்பா கோவிந்தப்பனுக்கு எங்கே தெரியும்? அவருக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துப் பரீட்சை. அதில் ஒரு பாடம் போனால் எல்லாம் போச்சு. ஐம்பத்து நாலாம் வருஷம் பரீட்சை முடிவு வந்ததும் பஸ்ஸிலிருந்து இறங்கின பிள்ளையை அவர் கேட்டார்.

"என்னப்பா ஆச்சு?"

"சரித்திரத்துல செகண்ட் கிளாஸ்பா."

சொன்னது நிஜம். செகண்ட் கிளாஸ் வாங்கினவன் மற்றதில் எப்படித் தவறுவான் என்று அவர் தாமாகவே கணக்குப் போட்டுக்கொண்டார். அங்கேயே கல்கண்டு வாங்கிப் போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் வைத்தார். தமிழ் போய்விட்டது என்று சொல்ல நாராயணப்பன் வாயைத் திறந்தபோது அதிலும் ஒரு துண்டு விழுந்தது. அதைச் சப்பி முடிப்பதற்குள் அவன் பி.ஏ. ஆகிவிட்டிருந்தான்.

அடுத்த வாரமே கிருஷ்ணகிரியில் புளி மண்டி வைத்திருந்த தீர்த்தகிரி பெண் கொடுக்க வந்தார். பெண் செல்வம்மாள். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, சேலத்துப் பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இடமும் கிடைத்திருந்தது. இரண்டு வருஷம் படித்தால் வாத்தியாரம்மா. நிச்சயத்தன்று தாம்பூலம் மாற்றியதும் தீர்த்தகிரி அந்தப் பேச்சை எடுத்தார்.

"புருஷன் பி.ஏ. படிச்சிருக்கார், பொஞ்சாதி போர்டு ஸ்கூல்ல மூக்கொழுகற பசங்களோட மல்லுக்கட்டறதா? நல்லாயில்லையே. நாளைக்கு மாப்பிள்ளை பி.டி. முடிச்சு ஹைஸ்கூல்ல உக்காந்தா அது போதாதா? நீங்க என்ன சொல்றீங்க மாப்பிள்ளை?"

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. நாராயணப்பனுக்கு அது நன்றாகக் கேட்டது. பி.ஏ. முழுதாக முடியாமல் பி.டி. என்கிற வாத்தியார் பட்டப் படிப்பில் காலே வைக்க முடியாது என்பதும் அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"உங்க இஷ்டம் மாமா," என்றான்.

இடத்தை வேண்டாமென்று எழுதிப் போட்டார்கள். ஆவணியில் கல்யாணம். பத்திரிகையில் 'நாராயணப்பன் பி.ஏ.' என்று அச்சடித்ததில், 'பி.ஏ.' பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

செல்வம்மாள் வந்த புதிதில் வாசல் தெளிக்கும்போதே அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவாள், "எங்க வீட்டுக்காரர் பி.டி. சேரப் போறார்" என்று. உள்ளே ராகிக்களி விழுங்கிக்கொண்டிருப்பவன் பாதியிலேயே கை கழுவிவிடுவான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அவள் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால், அவன் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவான். அவள் குரல் அதட்டுவதில்லை, ஆனால் பிள்ளைகள் அடங்கி உட்கார்ந்துவிடும். அது அவனுக்குப் பொறுக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் இல்லாத பெண்டாட்டியாக இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

செப்டம்பரில் உத்தியோக விஷயம் என்று சொல்லிச் சேலம் போனான். எழுதினான், போச்சு. மார்ச்சில் இன்னொரு உத்தியோக விஷயம். அதுவும் போச்சு. ஒவ்வொரு தடவையும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினால் அண்டை வீடு சும்மா இருக்குமா? எதிர்வீட்டுச் சரசம்மா அவனுக்குச் சேலத்தில் ஒரு குடும்பம் இருக்கிறதென்று முடிவே கட்டிவிட்டாள். குழந்தை ஆணா பெண்ணா என்பதில்தான் அவளுக்குக் குழப்பம்.

ஐம்பத்து ஐந்து வைகாசியில் அது செல்வம்மாள் காதுக்கு வந்தது. மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்.

"ஏங்க, அவ பேரு என்ன?"

"எவ பேரு?"

"சேலத்துல இருக்கறவ. எல்லாரும் தெரிஞ்சுகினு நான் மட்டும் தெரியாம இருந்தா நல்லாயில்ல பாருங்க."

நாராயணப்பன் அப்படியே குத்துக்கல் போல நின்றான். பிறகு உளறிக்கொட்டினான். பொம்பளை இல்லை, பரீட்சை. தமிழ். மூன்று பார்ட்டில் இரண்டுதான் வந்தது, ஒன்று வரவில்லை, மூன்று தடவை எழுதியாகிவிட்டது.

அவள் முதலில் சிரித்தாள். பாரம் இறங்கின சிரிப்பு. அது பாதியில் நின்றது.

"அப்போ கல்யாணத்தப்பவே?"

"ம்."

"நிச்சயத்தன்னிக்கு எங்கப்பா கேட்டாரே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அவள் தவிட்டுக் கையை வாளியின் விளிம்பில் வழித்தாள். "இன்னொருத்தி இருந்திருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்," என்றாள். மாடு குடித்து முடித்ததும் சொன்னாள்.

"ட்ரெயினிங்குக்கு இப்ப மறுபடியும் ஆள் எடுக்கறாங்க. என் எஸ்.எஸ்.எல்.சி. மார்க் புஸ்தகம் அப்பா மண்டிப் பெட்டியில இருக்கு. நீங்களே போய் வாங்கிட்டு வாங்க. ஏன்னு கேப்பார். அதுக்கும் நீங்களே பதில் சொல்லுங்க."

கிருஷ்ணகிரி மண்டியில் அன்று நல்ல கூட்டம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் கரியப்பனும் தரகர் வெங்கடசாமியும் திண்டில் சாய்ந்திருந்தார்கள்.

"வாங்க மாப்பிள்ளை. பி.டி. சீட்டுக்கு ஒரு பெரிய மனுஷர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்," என்று ஊருக்கே கேட்கும்படி வரவேற்றார் தீர்த்தகிரி.

நாராயணப்பன் அவரை மூட்டைகளுக்குப் பின்னால் அழைத்துக்கொண்டுபோய்ச் சொன்னான். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். அவர் மோவாயைத் தடவினார்.

"மூணுல ரெண்டு வந்தாச்சு இல்ல?"

"வந்தாச்சு மாமா."

"அப்புறம் என்ன? மூணு வண்டி லோடு அனுப்பறோம், ரெண்டு வந்து சேருது, ஒண்ணு மழையில நின்னுக்குது. அதுக்காகச் சரக்கே வரலேன்னு சொல்லுவோமா?"

"இது அப்படி இல்ல மாமா. மூணும் வந்தாத்தான் பட்டம். இல்லேன்னா ஒண்ணுமே இல்ல."

"அது உங்க காலேஜுக்கு. இங்க யாருக்குத் தெரியும்? என் காசுல பத்திரிகை அடிச்சு ஜில்லா பூரா குடுத்திருக்கேன். பி.டி.யை அடுத்த வருஷம் பாத்துக்கலாம், உடம்பு சரியில்லேன்னு சொல்லிடுவோம். செல்வி வாயத் திறக்கமாட்டா, என் பொண்ணு எனக்குத் தெரியும்."

"அவ ட்ரெயினிங் போகணுங்கறா."

"இப்பப் போனா ஏன் போறான்னு நாலு பேர் கேக்கமாட்டாங்களா? புஸ்தகம் பெட்டியிலயே இருக்கட்டும். நீங்க காப்பி சாப்பிடுங்க."

அவ்வளவுதான். ஒரு வருஷமாக நெஞ்சை அறுத்தது இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோனது. மாமனாரே மன்னித்து, மறைத்து, காப்பியும் கொடுக்கிறார். நாராயணப்பனுக்கு உடம்பெல்லாம் லேசானது. இந்தச் சுகத்தை அவன் முன்னாலேயே ஒரு தரம் அனுபவித்திருக்கிறான், நிச்சயத்தன்று, வளையல் சத்தம் நின்றதைக் கேட்டும் 'உங்க இஷ்டம் மாமா' என்று சொன்ன அந்த நேரத்தில். அது நினைவுக்கு வந்ததும் லேசான உடம்பு கூசியது.

"என்ன, மாமனும் மாப்பிள்ளையும் அங்க ரகசியம்?" என்று வெங்கடசாமி குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்ல," என்றார் தீர்த்தகிரி.

நாராயணப்பன் மூட்டைக்கு முன்னால் வந்து நின்றான். குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

"நான் பி.ஏ. இல்லீங்க. தமிழ்ல மூணு தடவை போயிடுச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும், நான் சொல்லல. எங்க வீட்ல ட்ரெயினிங் போறாங்க. புஸ்தகம் வாங்கிட்டுப் போக வந்தேன்."

புளி தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. கரியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"தமிழ்லயா? இப்ப நல்லாத்தானே பேசினீங்க."

ஒரு கிழவி களுக்கென்று சிரித்தாள். தீர்த்தகிரி பெட்டியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து அவன் கையில் கொடுக்காமல் தராசுத் தட்டில் வைத்தார். வந்த காப்பியை வெங்கடசாமி பக்கம் நகர்த்திவிட்டார். அந்த மண்டிக்கு வந்த மாப்பிள்ளை பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் திரும்பினது அன்றைக்குத்தான். இதைச் சரசம்மா சொல்லும்போது மாமனார் செருப்பைக் கழற்றியதாகவும் வரும். அது பொய்.

கோவிந்தப்பன் மூன்று நாள் பிள்ளையோடு பேசவில்லை. நாலாம் நாள், "கல்கண்டு வாங்கினப்பவே சொல்லியிருக்கலாம்டா, பாவி," என்றார்.

செல்வம்மாளுக்கு இடம் கிடைத்தது. ஆனியில் அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனவன் அவன்தான். பயிற்சிப் பள்ளி வாசலில் டிரங்குப் பெட்டியை இறக்கியபோது உள்ளேயிருந்து ஒருத்தி ஓடிவந்தாள். சாந்தம்மா, செல்வம்மாளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இப்போது இரண்டாம் வருஷம். வந்த வேகத்தில் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, எத்தனை மணிக்குப் பிரார்த்தனை, எந்த டீச்சரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பெரியவள் சின்னவளுக்குச் சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தாள்.

"போன வருஷம் லிஸ்ட்ல உன் பேர் இருந்துச்சுடி, ஆளைக் காணோம். எங்க போயிட்டே?"

செல்வம்மாள் ஒரு கணம் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"வீட்ல வேலை இருந்துச்சு," என்றாள்.

அவள் உள்ளதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று நாராயணப்பனுக்குத் தோன்றியது. இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள், சாந்தம்மா முன்னால், இவள் பின்னால். ஆண்களுக்கு அதற்குமேல் அனுமதி இல்லை என்று காவல்காரர் சொல்லும்வரை அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.